விமானத்தோடு போன வத்தை

யுத்தம் முடிந்த மறு வருஷம், கடலில் விழுந்த விமானங்களைத் தேடி ஒரு வெள்ளைக்கார அதிகாரி அறந்தாங்கிக்கு வந்தார். திரும்பி வராத விமானங்களின் ஜாபிதா ஒன்று அவரிடம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய இடம். அந்த இடம் என்பதில் பத்து மைல் அங்கிட்டோ இங்கிட்டோ இருக்கலாம். கடலடியில் எந்த விமானம் எங்கே கிடக்கிறது, அதில் யார் இருந்தார்கள் என்று முடிவுகட்டி, அவர்களைப் பெற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதுதான் அவர் உத்தியோகம்.

அவருக்கு மொழிபெயர்க்க தாசில்தார் என்னை ஒதுக்கினார். நான் திருமயத்துக்காரன், புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரஜை. சம்பளம் மட்டும் பிரிட்டிஷ் சர்க்காரில். அந்தக் கடற்கரை அப்போது தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. நான் பி.ஏ. படித்திருந்தேன், நீச்சல் தெரியாது. கடல் வேலைக்கு வேறு யோக்கியதையை யாரும் கேட்கவில்லை.

முறைப்படி ஊர் ஊராகத் தண்டோரா போட்டோம். மணமேல்குடியில் ஒருவர் சைக்கிள் மட்கார்டு கொண்டுவந்தார்.

"இது விமானமா?" என்றேன்.

"ஆகாசத்துலேருந்து விழுந்துச்சுங்க."

"விழுந்ததைப் பாத்தீங்களா?"

"விழுந்து கெடந்ததைப் பாத்தேங்க."

துரை அதையும் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்.

கோட்டைப்பட்டினத்தில் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. எவரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். ஓர் ஊர் முழுவதும் ஒரே பதிலைச் சொன்னால் அதற்கு முன்பே கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இது ரெவின்யூ இலாகாவில் முதல் மாதமே கற்கிற பாடம்.

காலையில் ஒரு வத்தையில் ஏறிப் போனோம். வத்தை என்பது அந்தக் கரையில் ஓடும் சிறிய பாய்மரப் படகு. சுற்றிலும் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே ஓர் இடத்தை மட்டும் எல்லாப் படகும் விலகிப் போயின. அங்கே பறவைகள் கூட்டமாகச் சுற்றி, விழுந்து விழுந்து மீன் கொத்தின.

"அங்க ஏன் வலை போடலை?" என்று எங்கள் படகுக்காரரைக் கேட்டேன்.

"அங்கிட்டு மீன் கெடையாதுங்க."

"பறவைக்கு மட்டும் கெடைக்குதா?"

"பறவைக்கு ஊர்க் கட்டுப்பாடு தெரியாதுல்லங்க" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. அதற்கப்புறம் மறைப்பதில் அர்த்தமில்லை என்று நடந்ததைச் சொன்னார்.

யுத்தத்தின் கடைசி வருஷம், பொழுது சாயும் நேரத்தில் ஒரு விமானம் புகைந்துகொண்டு வந்து அங்கே விழுந்தது. உடனே மூழ்காமல் மிதந்தது. மற்ற படகுகள் கரைக்குத் திரும்பின. ஒருவன் மட்டும் தன் வத்தையைப் புகையை நோக்கித் திருப்பினான். "வேண்டாம்டா, குண்டு இருக்கும்டா" என்று கத்தினார்களாம். "கையைக் காட்டிக் கூப்புடுறாங்க மாமா" என்றானாம். அத்தோடு சரி. அவனும் வரவில்லை, வத்தையும் வரவில்லை.

"இதை எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"அவன் கெடக்குற எடத்துல வலை போடக் கூடாதுன்னு முடிவு பண்ணோம். ஆனா அவன் மவுத்தாயிட்டான்னு எங்க வாயால சொல்ல மாட்டோம். பொஞ்சாதி இருக்கு."

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அவள் மாமியார் வீட்டுக்கு வாக்குமூலம் எழுதப் போனேன். விமானத்தைப் பற்றி நான் கேட்பதற்குள் அவள் என்னைக் கேட்டாள்.

"ஐயா, தொரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் பொஞ்சாதியா, கைம்பொண்ணா? இத்தா இருக்கணும்னாலும் மவுத்து தெரியணும்ங்குறாரு பள்ளிவாசல் அசரத்து. ஊருல எல்லாரும் என்னைப் பாத்தாப் பேச்சை நிப்பாட்டுறாங்க. நான் இன்னும் ஒரு தடவ நல்லா அழுகக்கூட இல்ல. அழுதா, நாமளே கொன்ன மாதிரி இருக்கு."

மவுத்து என்றால் மரணம்; இத்தா என்பது கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் துக்கம். துரையிடம் மொழிபெயர்த்தேன். விமானத்தில் போனவர்களின் மனைவிமாருக்குச் சில மாதங்களிலேயே 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று தந்தி போய்விட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சங்கடப்பட்டார். பட்டாளத்து மனைவியாக இருந்தால் விதவையாவதில் இப்படி ஒரு சௌகரியம்.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து சங்கு குளிக்கும் ஒருவரை வரவழைத்தோம். பாக் ஜலசந்தி ஆழமில்லாதது. மூன்றாவது முறை மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. இடுப்பு வாரு போட்டபடியே. எலும்புதான்."

துரை தொப்பியைக் கழற்றினார்.

"பக்கத்துல ஒரு வத்தை சாஞ்சு கெடக்கு. அதோட கயிறு விமானத்து வாலுல கட்டியிருக்கு. நல்ல முடிச்சு."

 வத்தைக்காரன் விமானத்தை எட்டியிருக்கிறான். அவர்களை வெளியே எடுக்க வத்தையை வாலில் கட்டியிருக்கிறான். விமானம் இறங்கும்போது வத்தையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் எலும்பு கிடைக்கவில்லை. வாரு போட்டவர்களைத்தான் கடல் விட்டுவைத்திருந்தது.

இஞ்சினில் இருந்த தகட்டை மேலே கொண்டுவந்தார்கள். நம்பர் ஜாபிதாவோடு பொருந்தியது. துரை பென்சிலால் ஒரு வரியை அடித்தார். பிறகு தானாகவே, வத்தையைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். மரணச் சான்று கேட்டு அதை தாசில்தார் முன் வைத்தேன்.

"படகு முழுகினதுக்கு இது அத்தாட்சி. ஆள் முழுகினதுக்கு?"

"கயிறு கட்டியிருக்கே, சார்."

"கட்டினவன் நீந்திப் போயிருக்கலாமில்லையா?"

"எங்கே, சார்?"

"அதுக்குத்தானேய்யா சட்டம் ஏழு வருஷம் கொடுத்திருக்கு."

காணாமல் போனவன் இறந்ததாகக் கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும்; சட்டம் அவர் சொன்னதுதான். நானே பிரிவு எண்ணைச் சொல்லியிருப்பேன்.

பள்ளிவாசல் அசரத்து அப்படிப் பார்க்கவில்லை. சங்கு குளித்தவரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் படகைத் திருப்பியதைப் பார்த்தவர்களை விசாரித்தார். அவன் இறந்துவிட்டான் என்று ஒரே சாயங்காலத்தில் முடிவு சொன்னார். சொல்வதற்கு அந்த வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். அவள் மணமேல்குடி அண்ணனும் வந்திருந்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னைக்கே இத்தாவுல உக்காந்துக்கிறேன், அசரத்து" என்றாள்.

அவர் தாடியைத் தடவினார். "இத்தா மவுத்தான நாள்லேருந்து கணக்கும்மா. சேதி வந்த நாள்லேருந்து இல்ல."

"அப்படின்னா?"

"அது எப்பவோ முடிஞ்சு போச்சு."



"நான் இருக்காமலே எப்புடி முடியும்?"

கிதாபில் உள்ளதைச் சொன்னேன் என்றார் அசரத்து. அவர் குரல் நன்றாக இல்லை. அண்ணன் மட்டும் தெளிவாக இருந்தான். "நல்லதாப் போச்சு. ஏற்கனவே ஒரு எடம் பேசி வச்சிருக்கோம். மாட்டு வண்டி கொண்டாந்திருக்கேன், கெளம்பு."

அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் தாலுகா ஆபீசுக்கே வந்துவிட்டான். "சர்க்கார் ஆளு நீங்க. சட்டம் தெரிஞ்சவங்க. நீங்க சொன்னாக் கேப்பா."

போனேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று, மார்க்கத்தில் அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை என்பதையும், எந்தத் தேதியில் அது தீர்ந்தது என்பதையும் வரிசையாக, நல்ல தமிழில் எடுத்துச் சொன்னேன்.

உள்ளிருந்து பதில் வந்தது. அழுது அழுது கம்மிப்போன குரல்.

"அங்கிட்டுப் போங்க, ஐயா. அந்நிய ஆம்பளைகூட நான் பேசக் கூடாது. இத்தாவுல இருக்கேன்."