அண்ணன் எழுதிய பரிந்துரை

பதினாறு வருடங்களாக ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை அவளுக்கு. கல்யாணம் ஆகவில்லை. "மூச்ச இழுத்துப் பிடிங்க... இப்ப விடுங்க" என்று நாளுக்கு நூறு தடவை சொல்வாள். படம் எடுத்த பிறகும் சிலர் மேசையை விட்டு இறங்க மாட்டார்கள். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுவீங்களா?" என்பார்கள். கூச்சத்தோடுதான் ஆரம்பித்தாள். போகப் போக, அதற்காகத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறோம் என்று தோன்றிவிட்டது. முப்பத்தெட்டு வயதில், கிறிஸ்தவ சபைக் குருவாகப் படிக்க முடிவு செய்தாள்.

எந்த இறையியல் கல்லூரியானாலும் சபைப் போதகரின் பரிந்துரை வேண்டும். அவர்கள் சபையின் போதகர் அவளுடைய சொந்த அண்ணன்.

ஆலய அலுவலகத்தில் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"புருஷன் புள்ளைன்னு இல்லாதவளுக்குப் பொழுது போகலன்னா, அதுக்குப் பேரு அழைப்பா?"

"ரெண்டு வருஷமா யோசிச்சுட்டுதான் வந்திருக்கேண்ணா."

"அப்ப நான் படிச்ச காலேஜுக்கே போ. ஒரு வருஷத்துல சர்டிஃபிகேட் குடுப்பாங்க. ஞாயிறு பள்ளிக்கு அது போதும்."

"அங்க பொம்பளைங்கள குருவுக்குப் படிக்கச் சேக்க மாட்டாங்களே."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவள் தேர்ந்தெடுத்த கல்லூரிக்கு ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். நான்கு வருடம் விடுதி வாசம். ஆனால் அங்கே பெண்களும் அபிஷேகம் பெற்றுக் குருவாவதற்கான படிப்பு உண்டு, வாரம் இரண்டு நாள் நோயாளிகளிடையே பயிற்சியும் உண்டு. அவள் விடாமல் கேட்கவே, அண்ணன் கடிதம் எழுதி, உறையை ஒட்டிக் கையில் கொடுத்தான்.

நேர்காணலில் கல்லூரி முதல்வர் அதைப் பிரித்து வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிடிவாதக்காரி, யாருக்கும் அடங்க மாட்டா, புத்தியும் சரியில்லன்னு எழுதியிருக்கார். என்ன சொல்றீங்க?"

"முதல் ரெண்டும் உண்மை சார். மூணாவது பொய். அவர் என் கூடப்பிறந்த அண்ணன். அத எழுதியிருக்காரா?"

முதல்வர் தாளைத் திருப்பிப் பார்த்தார். எழுதவில்லை. வேறு யாரிடமாவது கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார். கோயில் பக்கமே போகாத தலைமை டாக்டர் நாலே வரி எழுதினார்: "இவர் போவது எங்களுக்கு நஷ்டம். உங்களுக்கு வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள்."

இடம் கிடைத்தது. கல்லூரிக்குக் கிளம்பும் அன்று அண்ணன் வாசலில் மறித்தான்.

"முதல்வர் என்கிட்டயே விளக்கம் கேட்டு எழுதிட்டாரு. கூடப்பிறந்தவன் மானத்த வாங்கிட்டு வந்துட்டல்ல?"

"நீங்க எழுதுனதுக்குக் கீழ நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் அபிஷேகத்துக்கு அவன் வரவில்லை. இப்போது இருவரும் போதகர்கள். போதகர்களின் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளை "சிஸ்டர்" என்றே கூப்பிடுகிறான், பாசத்தில் அல்ல. "போதகர்னு சொல்லுங்க" என்று அவளும் ஒவ்வொரு மாதமும் திருத்துகிறாள்.