ஐஸ் அறைக்குள் ஓர் ஈட்டி

என்னிடம் ஐந்து ஈட்டிகள் இருக்கின்றன. எல்லாம் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவை. முதலாவதைக் கப்பலில் வேலை செய்த என் மாமா சொலமன் தீவுகளிலிருந்து கொண்டுவந்தார். மற்ற நாலையும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோன மாலுமிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் சேர்த்தேன். நல்ல காலம், சண்டை முடிந்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. முந்தி என்றால் சோதனைச் சாவடியில் என்ன விளக்கம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

மாமாவின் ஈட்டி என்னைவிட உயரம். கறுத்த மரம், நுனியில் எலும்பு முட்கள், அவற்றுக்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாக நார்ப் பின்னல். விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு, அந்த நார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்றுவரை பிடிபடவில்லை. வியர்வை பட்டால் பின்னல் கெட்டுவிடும் என்று, பருத்திக் கையுறை போடாமல் யாரையும் தொட விடமாட்டேன்.

“பிள்ளையளைத் தூக்கேக்க நீங்கள் இவ்வளவு கவனம் பாக்கேல்லை” என்பாள் மனைவி.

போன மாரிக்கு முன்னர் அந்த ஈட்டியின் அடியில் மாப்போல வெள்ளைப் பொடி கொட்டியிருந்தது. மரத்துக்குள்ளே வண்டு. மருந்து அடித்தால் நிறம் போய்விடும். காற்றுப் புகாமல் சுற்றி இரண்டு கிழமை கடுங்குளிரில் வைப்பதுதான் வழி. அவ்வளவு நீளத்துக்கு ஐஸ் அறை உள்ளவர், எனக்குத் தெரிந்து, கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்யும், நான் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர்தான். அவருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். பெரிய அறையில் மீன் இருந்தது. வெறுமையாகக் கிடந்த சின்ன அறையை எனக்குத் தந்தார்.

நான் கையுறை போட்டுக்கொண்டு ஈட்டியைப் பொலித்தீனால் சுற்றும்போது அவர் பின்னலுக்கு மேல் குனிந்து நின்றார். கிழிந்த வலை பொத்திப் பழகிய மனிதர்.

“இதுல முடிச்சு எங்க மாஸ்டர்?”

“எனக்கும் தெரியாது நானா. ஆனா ஒண்டு, ஒரு மணித்தியாலம் குளிர் குறைஞ்சாலும் ஈட்டி முடிஞ்சுது எண்டு நினையுங்கோ.”

அது நான் கூட்டிச் சொன்னது. குளிர் குறைந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும், அவ்வளவுதான். வெருட்டினால்தான் கவனமாக இருப்பார்கள் என்பது என் வகுப்பறைப் பழக்கம்.

ஒன்பதாம் நாள் புயல் அடித்தது. கரன்ட் இல்லை, போனும் இல்லை. இரண்டு நாள் கழித்து, பாதையில் வெள்ளம் வடிந்ததும் ஓடினேன். நானாவின் முற்றத்தில் அறக்குளா மீன்களை வெட்டிப் பிளந்து உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு விலைபோகும் நல்ல அறக்குளாவை யார் கருவாடு போடுவார்கள்? குளிர் போய்விட்டது என்று விளங்கியது. எனக்குத் தலை சூடாகிவிட்டது.

“உங்களை நம்பித்தானே தந்தனான்!” என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சின்ன அறை இரைந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் வயர் அதற்குள்தான் போயிருந்தது. நான் மாட்டிவிட்ட வெப்பமானி கொஞ்சமும் ஏறவில்லை.

“ஜெனரேட்டர் ஒரு அறைக்குத்தான் காணும் மாஸ்டர். நீங்கதானே ஒரு மணித்தியாலம் எண்டு சொன்னீங்க.”

“அப்ப மீன்?”

“மீன இதுக்குள்ள ஏத்தக் கதவத் திறந்தா குளிர் குறைஞ்சிரும். மீன் நாளைக்கும் கடல்ல கிடைக்கும். இதச் செஞ்ச கை திரும்பக் கிடைக்குமா?”

எப்போதோ, எங்கேயோ ஒருவன் பின்னிய நாருக்காக இந்த மனிதர் ஒரு அறை மீனை விட்டிருக்கிறார். மறைக்க மனம் வராமல், கூட்டிச் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் முற்றத்துக்குத் திரும்பி, உப்புப் போட்ட மீன்களைப் பார்த்தார்.

“முந்தியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்” என்றார். உப்புச் சட்டியை இழுத்துக்கொண்டு மீனுக்கு முன்னால் குந்தினார்.

இரண்டு கிழமை முடிந்தது. வெளியே எடுத்து, சுற்றியபடியே ஒரு நாள் வைத்து, அவருக்கு முன்னாலேயே பொலித்தீனைப் பிரித்தேன். கறுப்புத் துணிக்கு மேல் பிடித்து மெல்லத் தட்டினேன். பொடி விழவில்லை. பின்னலில் ஒரு நார்கூட இளகவில்லை.

நானா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“கையில மீன் நாத்தம் மாஸ்டர். அந்த உறையத் தாங்க.”

இன்னொரு சோடிக் கையுறை என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஈட்டியை அவருடைய வெறுங்கைகளில் வைத்தேன். அவர் விரல்கள் மெதுவாக முடிச்சைத் தேடத் தொடங்கின.