என் தங்கை சொன்னால் அது பெட்டை

என் தங்கைக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை. அன்றைக்குப் பொரிந்த குஞ்சைக் கையில் எடுத்து, வாலடியை லேசாக அமுக்கிப் பார்ப்பாள். பெட்டையென்றால் வலப்பக்கப் பெட்டி, சேவலென்றால் இடப்பக்கம். நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த குஞ்சு கைக்கு வந்திருக்கும். அவள் சொல்லித் தப்பியதாகச் சரித்திரமே கிடையாது.

முட்டைக்காக வளர்க்கிற இனத்தில் சேவலுக்கு எவன் தீனி போடுவான்? இடப்பக்கப் பெட்டிக்கு அன்றைக்கே கதை முடிந்துவிடும். அதைப் பற்றி மட்டும் அவள் வீட்டில் வாயே திறக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு குஞ்சோடு வந்து நின்றாள். "பெட்டைதான்க்கா" என்றாள். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அதையே சொன்னாள். அவருக்கு ராத்திரிக் காவல் வேலை. விடிந்த பிறகுதான் தூக்கம்.

"பெட்டைன்னா வளர்த்துக்கோம்மா. சேவல்னு தெரிஞ்சுது, அன்னைக்கே கறிக்கடைதான்" என்று கண்டிஷன் போட்டார்.

மாதங்கள் போயின. கொண்டை சிவந்தபோதே நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒருநாள் காலை அது மாடிப்படியில் ஏறி நின்று, தெருவே எழுந்து உட்காரும்படி கூவித் தொலைத்தது.

சொந்தக்காரர் தூக்கக் கண்ணோடு மேலே வந்தார். "என்னம்மா இது?"

"பெட்டைதான் அண்ணே. சில பெட்டை கூவும்."

"யாருக்கும்மா காது குத்துற?"

"பொழுதன்னைக்கும் இதே வேலையா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒரு முட்டையக் காட்டு. இல்லேன்னா நாளைக்கே கறிக்கடை" என்று இறங்கிப் போனார்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமாடி?"

பொலபொலவென்று அழுதுவிட்டாள். "இடப்பக்கம் போடத்தான்க்கா போனேன். விரலப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுது. எத்தனையோ பேர அனுப்பிட்டேன். ஒருத்தனாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு..."

நான் ஃபிரிட்ஜைத் திறந்து, கடையில் வாங்கி வைத்திருந்த முட்டையில் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தேன். "போடி, இப்பத்தான் போட்டுச்சுன்னு சொல்லிக் குடு."

நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் முட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சில்லென்று இருந்திருக்கும். தங்கையின் வீங்கிய கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே அந்தக் கடன்காரன் மறுபடியும் கூவினான்.

"சரிம்மா, பெட்டைதான்" என்றார். "நாளையிலேருந்து கொஞ்சம் சத்தமில்லாம முட்டை போடச் சொல்லு."