காதர் அண்ணன் தோற்ற விவாதம்

காதர் அண்ணன் இறந்த செய்தி காலையிலேயே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றும் அதில் இருந்தது. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். தங்கா பத்துவில் அவர் வீட்டை அடைந்தபோது, அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பாயா ரும்புட்டில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு அந்த விவாதம் நினைவிருக்கும். நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் எடைபோடப்படும் லாரிகளின் விவரங்களை மலாக்கா நகரத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வடிவத்தில் அனுப்புவது? கண்ணால் பார்த்தே படிக்கக்கூடிய ஜேசன் போதும் என்றார் அவர். கணினி மட்டுமே படிக்கும், ஆனால் அளவில் மிகச் சிறிய பைனரி வேண்டும் என்றேன் நான்.

"கோளாறு வந்தா எஸ்டேட் ஆபீஸ் பொண்ணுதான் முதல்ல பார்க்கும், தங்கச்சி. அதுக்குப் புரியணும்லா."

"புதுசா படிக்கச் சோம்பலா இருந்தா நேரா சொல்லுங்கண்ணே. விட்டா தந்தி அடிக்கச் சொல்வீங்க போல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரிலா, மேடம் சொல்லிட்டாங்க, எழுதிக்குங்க," என்றார்.

அடுத்த வாரமே வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனார். எங்களில் நன்றாக நிரல் எழுதியவர், தொலைபேசி எடுக்கப் போனார். நான் தேர்ந்தெடுத்த வடிவம் தவறில்லை. தோட்டத்து மெதுவான இணைப்பில் அது இன்றும் தடங்கலின்றி ஓடுகிறது. தவறாகியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். சரியாக இருந்ததால் கேட்கவே தோன்றவில்லை.

நியாலாஸிலிருந்து அழைப்பு வந்தால், புரியாத அந்தத் தரவை அவரே பிரித்துப் பார்த்துச் சொல்வார். "பயப்படாதம்மா, ஒண்ணும் காணாமப் போகல. எடை மட்டும் ஏறல, மறுபடி அனுப்பு." எங்கள் மேசைகளுக்கு நடுவே இருந்த தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

அடக்கம் நடந்த அன்று அவர் மனைவி என்னை உள்ளே அழைத்து அருகில் உட்காரவைத்தார். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஆபீஸ் கதையே வீட்டுல பேசமாட்டாரும்மா. அங்க அவருக்கு மரியாதை இருந்துச்சா?"

"இருந்துச்சு, அண்ணி," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் நம்பிவிட்டார்.

காதர் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். அவர் இருந்தபோதே என் பதிலை உண்மையாக்கியிருக்க முடியும். அதற்கு ஒரு சொல் போதுமாயிருந்தது.