பொன்முடி இறக்கத்தில் பதினாறு கிலோ

சொரிமுத்துவுக்கு எல்லாமே அவசரம். டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார், ரெண்டு ஊதினால் என்ன கேடு என்று யாரும் கேட்டுவிட முடியாது. பஸ் நிற்பதற்குள் இறங்குவார். எங்கே போனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் வந்து நிற்பார்.

மனுஷனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு, கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். கான்கிரீட் கலவை யாருக்காகவும் காத்திருக்காது, அதனால் அந்த வேலையில் அவசரம்தான் கெட்டிக்காரத்தனம். அங்கே அடிக்கிற ஆணியும் பத்து நாளில் பிடுங்கப்போகிற ஆணிதான். பதினாலு வருஷம் அப்படி அடித்துப் பழகிய கை, இப்போது அட்டக்குளங்கரையில் ஒரு தகர ஷெட்டில் வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி அடிக்கிறது. தொழில் மாறியது, கை மாறவில்லை.

அன்றைக்குக் காலையில் செல்வின் தன் டெம்போ டிராவலரைக் கொண்டுவந்து நிறுத்தினான். மார்த்தாண்டத்துப் பையன், சொந்த வண்டி, முதல் பெரிய சவாரி. மணக்காட்டில் ஒரு குடும்பம், பிள்ளைகுட்டிகளோடு பதினோரு பேர், பொன்முடி மலைக்கு. கடைசி சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தட்டில், உட்காருகிறவர்களின் பிடரி உயரத்தில், பெட்டி ஏற்கெனவே போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குள் சப்வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. பன்னிரண்டு அங்குலம், பின்னால் அம்மிக்கல் மாதிரி காந்தம், பதினாறு கிலோ.

இத்தனை கனத்தை எப்படி மாட்ட வேண்டும் என்று சொரிமுத்துவுக்குத் தெரியாமல் இல்லை. பலகையின் உட்புறத்தில் பல்லால் கடித்துக்கொண்டு உட்காருகிற டீ-நட் எட்டு அடித்து, முன்பக்கமிருந்து போல்ட்டை எதிரெதிராக முறுக்க வேண்டும். டீ-நட் தீர்ந்துபோயிருந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் போய்வரப் பத்து நிமிஷம் ஆகும்.

"அண்ணாச்சி, பார்ட்டி போன்ல விளிச்சுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் வேகம்" என்றான் செல்வின்.

வேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் சொரிமுத்து மரஸ்க்ரூவை எடுத்து டிரில்லில் மாட்டிவிட்டார். கீழே ஐந்தும் நன்றாகக் கடித்தன. மேலே மூன்றும் கடிக்கவில்லை. டிரில் கூடுதலாக ஓடிவிட்டது. துளை தேய்ந்து, ஸ்க்ரூ வெறுமனே சுற்றியது. செல்வின் டீ குடிக்கப் போயிருந்தான். கதவுக் கீல் ஆடினால் ஊரில் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் சொரிமுத்துவும் செய்தார். தீக்குச்சியை ஒடித்துத் துளையில் திணித்து, ஃபெவிகால் விட்டு, மேலே ஸ்க்ரூவை ஏற்றினார். கதவுக்குப் போதும். பதினாறு கிலோவுக்கு? ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. குச்சி திணித்த துளையில் எதுதான் உடனே ஆடும்! கைதான் தட்டிக்கொடுத்தது, மனசு ஒப்பவில்லை.

வண்டி கிளம்பிப் போனது. அதற்கப்புறம் மனுஷனுக்கு ஒரு வேலை ஓடவில்லை. பலகையில் கோடு போட்டார், கோடு கோணியது. பென்சிலைத் தேடினார், பென்சில் காதிலேயே இருந்தது. பதினோரு மணிக்குத் தாங்கமாட்டாமல் செல்வினைக் கூப்பிட்டார். நாலாவது தடவைதான் எடுத்தான்.

"கேக்கலை அண்ணாச்சி, சவுண்டு செம! பிள்ளைய எல்லாம் கடைசி சீட்டுல கெடந்து ஆட்டம்!"

பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் சொரிமுத்துவின் காதில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு புர்ர். ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள இரும்பு வளையம் பலகையை விட்டு மயிரிழை விலகினாலும் காற்று அந்த வழியாகத்தான் கத்தும்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னாரா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "பாட்டக் கொஞ்சம் நிறுத்தி வை செல்வின், புது ஸ்பீக்கர், சூடாயிரும்" என்றார்.

"செரி, நிறுத்துதேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

மத்தியானம் வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி மாடம்மாள் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"என்ன, சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருக்கிய? என்னத்தத் தொலைச்சிய?"

மென்று விழுங்கி, தீக்குச்சி வரைக்கும் சொன்னார்.

"செல்வின்கிட்ட சொல்லிட்டியளா?"

"பாட்ட நிறுத்தச் சொல்லிட்டேன்."

மாடம்மாள் அவரையே பார்த்தாள். "பாட்ட நிறுத்துனா கனம் கொறஞ்சிருமா?"

கையைக் கழுவாமல் எழுந்துவிட்டார். ஏறும்போது ஒன்றும் ஆகாது, சாமான் பின்னால்தான் சாயும். இறங்கும்போதுதான் ஆபத்து. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் அது முன்னால் வரும். முன்னால் இருப்பது பிள்ளைகளின் பிடரி. போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் எங்கே சிக்னல்!

சாலைக் கடைத்தெருவில் டீ-நட்டும் போல்ட்டும் வாங்கினார். சரியாகப் பத்து நிமிஷம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிஷத்தைக் காலையில் மிச்சம் பிடித்த கெட்டிக்காரர், ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு நெடுமங்காடு, விதுரை என்று பறந்தார். கல்லாறு தாண்டி மலையேறத் தொடங்கியதும் எதிரே இறங்குகிற ஒவ்வொரு வண்டியும் அவருக்கு செல்வின் வண்டியாகவே தெரிந்தது. வெள்ளை டிராவலர் ஒன்று வந்தது, கை காட்டி மறித்தே விட்டார். வேறு யாரோ. டிரைவர் மலையாளத்தில் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்துவிட்டுப் போனான். வாங்கிக்கொண்டார். "சொரிமுத்தையா, அவன் இன்னும் எறங்கியிருக்கப்படாது, எறங்கியிருக்கப்படாது" என்று தன் பேருள்ள சாமியிடம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார்.

செல்வின் இறங்கியிருக்கவில்லை. மேலே, மூடுபனியில், அப்போதுதான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டிருந்தான். ஷாலு என்கிற ஏழு வயசுக்காரி கடைசி சீட்டில் முழங்காலிட்டு, ஸ்பீக்கரின் மேல் கன்னத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொச்சுப் பிள்ளைய முதல்ல எறக்கு!" என்று கத்திக்கொண்டே சொரிமுத்து உள்ளே ஏறினார். பிள்ளை மிரண்டுபோய் அம்மாவிடம் ஓடியது. வளையத்தின் மேல்பக்கம் விரலை விட்டார். ஸ்க்ரூ மூன்றும் கையோடு வந்தன, வெள்ளைப் பசை அப்பிய குச்சித் துண்டுகளோடு. காந்தத்தின் கனத்தில் மேல்பக்கம் முன்னால் சரிந்ததை நெஞ்சால் தாங்கிக்கொண்டார்.

ஷாலுவின் அம்மா விஷ்ணுப்ரியா குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். "எந்தா இது? தீக்குச்சியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இனி இடமில்லை. "நான்தான் வச்சேன் தாயீ. காலம்பறயே தெரியும். போன்லயும் மறைச்சிட்டேன்."

"பிள்ளைய எல்லாம் இருந்த எடம் ஓய் அது!" செல்வின் கத்தினான். இத்தனை நாள் அண்ணாச்சி என்று அழைத்த வாய். "நீரு வண்டிக்குப் பெட்டி அடிச்சீரா, தீப்பெட்டி அடிச்சீரா?"

"அரை மணிக்கூர் தா செல்வின். நட்டு கொண்டாந்திருக்கேன், மலையே சரிஞ்சாலும் அசையாது."

"வேண்டா" என்றாள் விஷ்ணுப்ரியா. அவள் சத்தம் போடவில்லை. "நட்டும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. இனி இவர் மாட்டுற எதுவும் எங்க தலைக்குப் பின்னால வேண்டா."

செல்வின் மீதி ஐந்து ஸ்க்ரூவையும் தானே கழற்றினான். பதினாறு கிலோவையும் தூக்கி சொரிமுத்துவின் கையில் வைத்தான். "தரையில வச்சா உருளும். பின் சீட்டுல நீரே இரும். பிள்ளைய இருந்த எடத்துலயே இரும். ஸ்கூட்டர நாளைக்கு வந்து எடும்."

பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள் மடிக்கு மாறின. கடைசி சீட்டில் சொரிமுத்து மட்டும் சப்வூஃபரை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வளைவில் செல்வின் பிரேக் போட்டான். காந்தம் முழங்காலை அழுத்திக்கொண்டு முன்னால் பாய்ந்தது. இழுத்துப் பிடித்தார். ரெண்டாவது வளைவில் இன்னும் பலமாகப் பாய்ந்தது. ஐந்தாவதில் தகட்டு விளிம்பு முன்னங்கையைக் கீறியது. தன்னால் பிடிக்க முடியாததைக் குச்சியிடம் கொடுத்துவிட்டு சோறு தின்ன உட்கார்ந்தோமே என்று நினைத்ததும் மனுஷனுக்கு அழுகை முட்டியது.

ஒன்பதாவது வளைவில் ஷாலு அம்மாவின் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். "கை வலிக்குதா மாமா?"

"வலிக்கி மக்கா."

"அப்போ கொறச்சு நேரம் கீழ வைக்கலாமே."

"வைக்கப்படாது மக்கா" என்றார் சொரிமுத்து. "முன்னால நீ இருக்கியே."