பதினொரு சிவப்பு வட்டங்கள்

அந்த நீல அட்டை நோட்டைத் திறந்தாலே எனக்கு இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது. எங்கள் பள்ளி கோ-கோ அணியின் வருகைப் பதிவு அது. அணியில் நானும் ஒருத்தி, பதிவை எழுதியவளும் நான்தான். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று மாஸ்டர் என்னிடம் கொடுத்திருந்தார். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வந்தவளுக்கு ஒரு டிக், வராதவளுக்கு ஒரு சிவப்பு வட்டம். என் சித்தி மகளின் பெயருக்கு நேரே பதினொரு வட்டங்கள், காம்பஸ் வைத்து வரைந்தது போல. அத்தனை நேர்த்தியாக வரைந்த கையை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

அவள் முள்ளிப்பட்டிலிருந்து சைக்கிளில் வருவாள். துரத்துகிறவள் கை நீட்டும்போது இடுப்பை ஒரு வளை வளைத்து நழுவுவாள் பாருங்கள், அதைப் பார்க்கவே பக்கத்துப் பள்ளிப் பெண்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் பிடிபடாமல் எவ்வளவு நேரம் ஓடினாள் என்பதை ஸ்டாப்வாட்ச் பார்த்து அதே நோட்டின் பின்பக்கத்தில் நான்தான் குறித்துவந்தேன். அந்தப் பக்கங்களை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டியிருந்தால் அவளுக்குப் பக்கத்தில் யாரும் வந்திருக்க முடியாது.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று மாஸ்டர் முன்பக்கத்தை மட்டும் புரட்டினார். "பதினொரு நாள் ஆப்சென்ட்டு. ஆர்வமே இல்லாத பொண்ண இட்டுகினு போயி நான் இன்னா பண்றது?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்கு நன்றாகவே தெரியும். அவள் வீட்டில் தறி. நெசவுக்குப் பாவு போடும் நாளில் விடியுமுன் தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்ததையெல்லாம் முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரு கையும் மிச்சமில்லாமல் வேண்டும். என் அப்பா ஆரணியில் நெசவாளர்களிடம் பட்டு நூல் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். சித்தி வீட்டுத் தறியில் ஓடியது அவருடைய வேலை. அவள் வராத பதினொரு நாளும் எங்கள் வீட்டுப் பாவுக்காகத்தான் தெருவில் நின்றாள். வாயைத் திறந்தால் அப்பா பெயர் வரும் என்று பயந்து நான் கல் மாதிரி நின்றேன். அவளுடைய இடத்தை எனக்கே கொடுத்தார்கள். போளூரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே, உள்ளே போன சுருக்கில் பிடிபட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்கே வரவில்லை.

இப்போது நான் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என் பதிவில் வராத நாளுக்குப் பக்கத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. பாவு, பஸ் வரவில்லை, மாதவிலக்கு, எதுவானாலும் கேட்டு எழுதுவேன். பாவு நாளென்றால் அந்தப் பெண்ணுக்குச் சாயங்காலம் பயிற்சி. போன வாரம் ஜூனியர் அணித் தேர்வுக்குப் பட்டியல் கேட்ட அதிகாரி போனில் சிரித்தார்: "காரணமெல்லாம் எதுக்கு மேடம் பேஜாரு? மொபைல் ஆப்புல அதுக்கு எடமே இல்ல. வருகைய மட்டும் ஜல்தியா அனுப்புங்க." எனக்கு வந்ததே கோபம். "எடம் இல்லன்னா எடம் பண்ணுங்க சார். பொண்ணு எவ்ளோ நேரம் ஓடறா, ஏன் வரல, ரெண்டும் இல்லாம என் கையால ஒரு பேரும் வராது" என்று கத்திவிட்டேன். பட்டியல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலமே அந்த நீல நோட்டை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்க முள்ளிப்பட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. தறியிலிருந்து எழுந்து வந்து, வட்டங்களின் மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். "இது அரக்கு பார்டரு. இது மழ வந்து பாதியில சுருட்டினது." கடைசி வட்டத்தில் விரல் நின்றது. "இது உங்க அக்கா கல்யாணப் பொடவ. அன்னிக்கி நீ எங்க இருந்த?"

நான் நோட்டைப் பார்த்தேன். அதே தேதியில், என் பெயருக்கு நேரே, என் கையாலேயே ஒரு டிக் போட்டிருந்தேன்.