முதல்வரின் அனுமதியும் ராஜபாளையத்துக் குட்டிகளும்

எங்கள் கல்லூரி விதிப்புத்தகத்தில் இப்படி இருந்தது: “ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் முன்னதாக முதல்வருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்.” பிற்பாடு அரசு அலுவலகத்திலேயே காலம் தள்ளியவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அங்கும் கண்டதில்லை. தெளிவாக இருந்ததாலோ என்னவோ, அதை யாரும் பின்பற்றவில்லை.

1930களின் நடுவில் மதுரையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவனைத்தான் தன் ஆய்வகத்தில் சேர்ப்பார். நான் போய் நின்றதும், “புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும். கோடை லீவு முடிந்து வரும்போது நீ கண்ணால் பார்த்த ஒன்றைக் கொண்டுவா. இல்லாவிட்டால் வேறு பையன் இருக்கிறான்” என்றார். நான் விதிப்படி விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலேறினேன்.

பார்க்க வேண்டியதை முன்பே முடிவுசெய்திருந்தேன். ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் சில கூப்பிட்டால் திரும்புவதில்லை. வளர்ப்பவர்கள் அதைக் கம்பீரம் என்பார்கள். எனக்கு அது செவிடாகத் தோன்றியது. ஓர் ஈற்றில் பிறந்த வெள்ளைக் குட்டிகளையும் நிறக் குட்டிகளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் நிறக் குட்டிகளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

ராஜபாளையத்தில் அந்த வாரம் குட்டிகள் கண் திறந்திருந்த வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

“கண்ணு பட்டுரும் தம்பி. அந்நிய ஆளுக்குக் காட்டுறதில்ல. காலேஜுல இருந்து கடுதாசி இருக்கா?”

“வந்துரும்ங்க.”

“வந்த பொறவு வாங்க.”

தபால்காரர் என்னைக் கண்டாலே ‘இல்லை’ என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். குட்டிகள் கடிதத்துக்காக வளராமல் இருக்கவில்லை. மறுபடியும் போய், “பரவாயில்லைங்க. குட்டிகளுக்குக் காது கேக்குதான்னுதான் பார்க்கணும். உங்க பங்காளி வீட்டுல கேட்டுப் பார்க்கேன்” என்றேன். கதவு அகலமாகத் திறந்தது.

“அவன் வீட்டு நாய்க்குத்தான் காது மந்தம். ஏலே, உள்ள வா!”

குட்டிகள் தாயின் வயிற்றோடு குவிந்து கிடந்தன. பின்னால் நின்று பித்தளைத் தட்டைத் தட்டினேன். எல்லாம் தலைதூக்கின. “பாத்தியா?” என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். சோர்ந்துபோய்ப் பேராசிரியருக்கு எழுதினேன். அவருடைய அஞ்சல் அட்டை உடனே வந்தது. பதிலுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு என்ற விதி அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. “நீ சோதித்தது தாயின் காதை. அவள் துள்ளினால் குட்டிகளும் துள்ளும். ஒவ்வொன்றாகப் பிரித்து, தூங்கும்போது பார்.”

மீண்டும் போய்ச் சொன்னேன். வெற்றி பெற்ற தெம்பில் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. சாட்சிக்குப் பங்காளியையே கூட்டிவந்து உட்காரவைத்தார். குட்டிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து அறையில் வைக்கோலில் தூங்கவிட்டுத் தட்டைத் தட்டினோம். பழுப்புக் குட்டிகள் அத்தனையும் அலறி எழுந்தன. வெள்ளையில் இரண்டு அசையவே இல்லை.

“அசந்து தூங்குது” என்றார் வீட்டுக்காரர்.

“எம்புட்டு நேரமா?” என்றார் பங்காளி.

“கடுவன் உன் வீட்டுது தானய்யா! அந்த ரத்தம் பேசுது.”

“பேசினா என்ன, அதுக்குத்தான் கேக்கலையே. தாய் உன் வீட்டுது.”

இரண்டு தலைமுறை வாய்க்கால் வழக்கெல்லாம் அங்கே எழுந்து நின்றது. அவர்கள் அதைத் தீர்க்கும் மும்முரத்தில், நான் ஒவ்வொரு குட்டியையும் இன்னும் இரண்டு தடவை சோதித்துவிட்டேன். மறுநாளே பழுப்புக் குட்டிகள் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கல்லூரி திறந்ததும் பேராசிரியர் என் குறிப்புகளை நின்றபடியே படித்தார். “ஓர் ஈற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாய்” என்று சொல்லி, கழுவாத குடுவைகள் நிறைந்த தொட்டியைக் காட்டினார். அதுதான் சேர்க்கை.

விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், அனுமதி கிடைக்கும்வரை ஆய்வு எதையும் தொடங்கலாகாது என்றும் கண்டிப்பாகத் தெரிவிக்கும் முதல்வரின் பதில், ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரிக்கு வந்து சேர்ந்தது ஆடிப்பூரத்துக்கு மறுநாள்.